எட்டு என்றால் எட்டு, அண்ணா

அன்பும் மதிப்பும் மிக்க அண்ணா அவர்களுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று அடுத்த வரியில் எழுத வேண்டும். எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. வலியால் அல்ல, கோபத்தால். விரல் மடங்குகிற நேரம் பார்த்து, ஒரு நாளைக்குப் பத்து வரி வீதம், இதை நானே என் கையால் எழுதுகிறேன். யாரையும் எழுதித் தரச் சொல்லவில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

ஒன்பது வருடமாக எனக்கு உடம்பு முழுக்க வலி என்பது உங்களுக்குத் தெரியும். ஏழு டாக்டர் பார்த்தாயிற்று. ஏழு பேரும் ரத்தம் எடுத்து, படம் எடுத்து, "எல்லாம் நார்மல்" என்று ஃபைலை மூடிவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். எட்டாவதாக வந்த இந்த டாக்டரம்மாதான் தோள், முதுகு, முட்டி என்று விரலால் அழுத்திப் பார்த்து, "இதுக்குப் பேர் ஃபைப்ரோமயால்ஜியா. வலி நிஜம். நீங்க கற்பனை பண்ணல" என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். அவர் சொன்ன வைத்தியமும் சின்னதுதான். "ராத்திரி ஒரு மெக்னீசியம் மாத்திரை, சின்ன அளவு. சிலருக்குத் தூக்கம் வருது, சிலருக்கு ஒண்ணுமே பண்றதில்ல. பார்ப்போம். வேற எதையும் இப்போ தொடாதீங்க. வலி பத்துக்கு எத்தனைன்னு தினம் ஒரு நோட்ல எழுதுங்க. ஆறு வாரம் கழிச்சு அதைப் பார்த்துட்டு நாற்காலிக்கு லெட்டர் தர்றேன்." பள்ளி ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை என்றால் எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே பார்க்கிற வேலை. டாக்டர் கடிதம் இருந்தால் நாற்காலி போடலாம், இல்லாவிட்டால் முடியாது என்று முதல்வர் கறாராகச் சொல்லிவிட்டார். எனக்கு வேண்டியது அந்த ஒரு நாற்காலி. அவ்வளவுதான் அண்ணா நான் கேட்டது.

இந்த விஷயத்தை உங்களிடம் ஃபோனில் சொன்னேன் பாருங்கள், அது என் புத்தி. மருந்துக் கம்பெனியில் பை தூக்கி இருபத்தைந்து வருடம் டாக்டர் வீட்டு வாசலில் காத்திருந்தவர் நீங்கள். அந்த வாசலில் நின்றே பாதி டாக்டர் ஆகிவிட்டதாக உங்களுக்கு நினைப்பு. நாலாம் நாள் பார்சல் வந்தது. பதினோரு டப்பா! குதிரைக்குக் கொடுக்கிற பருமனில் மெக்னீசியம், மீன் எண்ணெய், விட்டமின் டி, பி பன்னிரண்டு, மஞ்சள் மாத்திரை, பெயர் வாசிப்பதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்கிற இன்னும் ஆறு. "ஒண்ணொண்ணா போட்டுப் பார்த்துக்கிட்டிருந்தா எப்போ குணமாகறது? எல்லாத்தையும் சேர்த்து அடி" என்று ஒரு துண்டுச் சீட்டு வேறு. அதை நான் எடுத்துக் கிழிப்பதற்குள் உங்கள் மாப்பிள்ளை படித்துவிட்டார். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷனுக்கு வீட்டில் வேலை இல்லாமல் இருந்தது. இப்போது வந்துவிட்டது. அட்டவணை போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினார். ஐந்து நாற்பதுக்கு மெக்னீசியம். ஆறு பத்துக்கு மீன் எண்ணெய். நான் குளியலறையில் இருந்தால் கதவைத் தட்டி, "ஆறு பத்து கிளம்பப் போகுது!" பழைய விசிலைக்கூடத் தேடி எடுத்தார். நான் முறைத்த முறைப்பில் திரும்ப வைத்துவிட்டார்.

இருபத்திரண்டு வருடமாக மெக்னீசியம் நாடாவைத் துண்டு துண்டாகக் கத்தரித்து, உப்புக்காகிதத்தில் தேய்த்து, பிள்ளைகள் கையில் கொடுக்கிறவள் நான். வெளியே எரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உள்ளே போனால் என்ன ஆகும் என்று நீ அனுப்பின குதிரை மாத்திரைதான் கத்துக்கொடுத்தது. செய்முறைத் தேர்வு அன்று, முப்பது பிள்ளைகள் வரிசையாக நிற்க, வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்க, என் வயிறு கடகடவென்று ஒரு சத்தம் போட்டது பார், முதல் வரிசைப் பெண் ஏதோ எந்திரம் ஓடுகிறதாக்கும் என்று திரும்பிப் பார்த்தாள். ஓடினேன். முட்டிவலியோடு மனுஷி ஓடினால் எப்படி இருக்கும் என்று பள்ளிக்கூடமே பார்த்தது. அன்று நாலு தடவை. வாத்தியார் வந்து கதவுக்கு வெளியே நின்று, "மேடம், இன்னும் நாலு பேருக்கு மெக்னீசியம் வேணும்" என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, நீ மட்டும் எதிரில் இருந்திருந்தால் அண்ணன் என்றுகூடப் பார்த்திருக்க மாட்டேன்.

இதையெல்லாம்கூட மன்னிச்சிருப்பேன். நான் கொதிக்கிறது நோட்டுக்காக. காலையில் எனக்கு விரல் மடங்காது, அதனால் நான் எண்ணைச் சொல்ல, உன் மாப்பிள்ளை எழுதினார். அழகான கையெழுத்து, கட்டம் போட்டு, சிவப்பு மையில் தேதி. எட்டு என்பேன், "எட்டு" என்று வாயால் சொல்லிக்கொண்டே எழுதுவார். ஆறு வாரமும் நான் அதைத் திறந்து பார்க்கவே இல்லை, கட்டின புருஷன்தானே என்று. டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். முகம் மலர்ந்துபோயிற்று.

"அருமை! எட்டுல ஆரம்பிச்சு ரெண்டுக்கு வந்துட்டீங்களே!"

"ரெண்டா? டாக்டர், இன்னிக்குக் காலையிலகூட எட்டு."

"இதோ பாருங்க, ரெண்டுன்னு எழுதியிருக்கே."

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் எடை பார்க்கிற மெஷினைக் குனிந்து ஆராய்ந்துகொண்டிருக்கிறார். "அது பொய் டாக்டர், இவர் எழுதினது" என்றேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "ரொம்ப வருஷம் வலியோட இருந்தவங்களுக்குக் குணமாகறதை நம்ப முடியாது, சகஜம்தான்" என்றார். ஒன்பது வருடத்தில் என்னை நம்பின ஒரே ஒரு டாக்டர்! அவரும் என் வாயைவிட நோட்டை நம்பிவிட்டார். நாற்காலிக் கடிதம் இப்போதைக்குத் தேவையில்லையாம். மூன்று மாதம் கழித்து வரணுமாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். ஜன்னல் வழியாகப் பத்து நிறுத்தத்தை எண்ணி முடித்தார். அப்புறம்தான், "மச்சான்தான் சொன்னார். தினம் எட்டு எட்டுன்னு எழுதினா எட்டுலயே நின்னுடுமாம். கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு எழுதினா உடம்பும் கூடவே இறங்கி வந்துடுமாம்" என்றார். ஏன் அண்ணா, என் உடம்பு என்ன ராத்திரி எழுந்து போய் நோட்டை எட்டிப் பார்க்குதா? தாமதமாக வந்த பஸ்ஸை எல்லாம் சரியான நேரத்துக்கு வந்ததாக முப்பது வருஷம் எழுதின கை அது, அந்தக் கைக்கு நீ போய் யோசனை சொல்லியிருக்கே! நீங்க ரெண்டு பேரும் ஃபோன்ல பேசிப் பேசி என் வலியைக் குறைச்சீங்க. நான் எட்டோட நின்னுக்கிட்டு சோதனைக்குழாய் கழுவினேன். நான் சொல்றதை ஒருத்தர்கூட நம்பலைன்னா, எனக்கு எதுக்குப் புருஷன், எதுக்கு அண்ணன்?

ஆகையால், இக்கடிதம் கண்டவுடன் டாக்டரம்மாவுக்கு நீ உன் கைப்பட எழுத வேண்டும். "பொய்யாக எழுதச் சொன்னது நான்தான்" என்று. மழுப்பக் கூடாது. எழுதும்வரை எனக்கு ஃபோன் பண்ணாதே. பதினோரு டப்பாவும் திரும்பி வருகிறது, நீயே ஐந்து நாற்பதுக்குப் போட்டுக்கொள், பக்கத்தில் கழிவறை இருக்கட்டும். உன் மாப்பிள்ளையோடு எனக்குப் பேச்சு இல்லை. அவர் கையெழுத்தைப் பார்த்தாலே எரிகிறது.

அண்ணிக்கு என் அன்பு. அவர்கள் முட்டிவலியைப் பற்றி உன்னிடம் வாயைத் திறக்கவே வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும், உன்னைப் போல ஆகாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் கோபம் தணியாத தங்கை

பின்குறிப்பு: இதை ஒட்டாமல் மேசையில் வைத்திருந்தேன். இவர் தபாலில் போட்டு வருவதாக எடுத்துக்கொண்டு போனவர், வழியில் படித்துவிட்டு நேராக டாக்டரம்மாவிடம் போயிருக்கிறார். டோக்கன் இல்லாமல் காலையிலிருந்து மதியம் வரை நின்று, "பொய் எழுதினது நான்தான்" என்று சொல்லி, அத்தாட்சிக்கு இந்தக் கடிதத்தையே நீட்டிவிட்டு, திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். மேலே "குதிரை மாத்திரை" என்று நான் எழுதியிருக்கிற வார்த்தைக்குக் கீழே இருக்கிற நீலக்கோடு, படித்துவிட்டு டாக்டரம்மா போட்டது. நாற்காலிக் கடிதம் தந்துவிட்டார். நாற்காலியும் வந்துவிட்டது. ஆகவே நீ ஒன்றும் எழுத வேண்டாம், ஃபோன் பண்ணலாம். உன் டப்பாக்களை எல்லாம் நிறுத்திவிட்டு, டாக்டரம்மா சொன்ன சின்ன மாத்திரை மட்டும் ராத்திரியில் போடுகிறேன். ஒரு வாரமாகத் தூக்கம் வருகிறது. மாத்திரையா, நாற்காலியா, உன்னைத் திட்டித் தீர்த்ததா, தெரியவில்லை. உன் மாப்பிள்ளை புது நோட்டு வாங்கியிருக்கிறார். இன்று காலை "எவ்வளவு?" என்றார். "நாலு" என்றேன். "எனக்காகக் குறைச்சுச் சொல்லாதே" என்று எட்டு எழுதிவிட்டார். சத்தியம் பண்ணிச் சொன்னேன், நம்ப மாட்டேன் என்கிறார். நீயாவது நம்பு அண்ணா. இன்னிக்கு நாலுதான்.