வராத பிரிண்டரும் கொப்பியரும்

கொம்பியூட்டரே பயந்து நடந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர் இருந்தார் என்றால், அவர் எங்கள் கொப்பியர்தான். இதை நான் சும்மா சொல்லவில்லை. அந்தக் கொம்பியூட்டருக்குப் புரோகிராம் எழுதியவன் நான். நானும் பயந்துதான் நடந்தேன்.

எண்பதுகள் பிறந்த புதிது. திருகோணமலையில் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் முகவர் அலுவலகம். முதலாளிக்கு எங்கிருந்தோ ஆசை வந்து, மேசையை நிறைக்கிற ஒரு கொம்பியூட்டரை வாங்கிப் போட்டார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த திமிரோடு நான் அதற்கு ஒரு சின்ன இயக்கமுறைமை எழுதினேன். அதன் நடுவில் ஒரு புரோகிராம். இன்றைக்குக் கேர்னல், கருநிரல் என்கிறார்கள், அன்று நாங்கள் ‘உள்புரோகிராம்’ என்றோம். மெசினைப் போட்டதும் முதலில் எழும்பி மற்றதையெல்லாம் எழுப்புவது அதுதான். ஆனால் அதற்குக் கண் இல்லை. திரை எந்த இலக்கத்தில் இணைத்திருக்கிறது, டிஸ்க் எந்த இலக்கத்தில் என்று யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்ததை அது அப்படியே நம்பும்.

அதை எழுத வந்தவர் கொப்பியர். வெள்ளைக்காரன் காலத்தில் கப்பல் பழுதுபார்க்கும் டொக்யாட் ஸ்டோரில் பம்பு, வால்வு, சங்கிலி எல்லாவற்றுக்கும் விபரம் எழுதிய மனிதர். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். கையில் எப்போதும் எழுதுகிற நோட்டாக ஒரு நீல மட்டைக் கொப்பி, அதனால்தான் அந்தப் பெயர். கூடவே ஒரு சிவப்புப் பென்சில். கொம்பியூட்டர் என்றால் என்ன என்று அவர் கடைசி வரைக்கும் கேட்கவில்லை. கையால் தொட்டுப் பார்த்த சாமானை மட்டும் எழுதுவார். அவர் எழுதியதை நான் உள்புரோகிராமில் தட்டுவேன். இதுதான் ஏற்பாடு.

முதல் வாரமே சண்டை. கொப்பியில் பதியச் சொல்லி ஒரு துண்டுக் கடதாசியில், ‘சரக்குப் பட்டியல் காட்டும் திரை’ என்று எழுதிக் கொடுத்தேன். சிவப்புக் கோட்டோடு திரும்பி வந்தது.

“பட்டியல் காட்டுறது உங்கட வேலை, தம்பி. சாமான் வெறும் திரைதான். சாமானைப் பற்றி எழுதுங்கோ, அதை வைச்சு நீங்கள் என்ன செய்யப் போறியள் எண்டு எழுதாதேங்கோ.”

திருத்திக் கொடுத்தேன். நிறம் இல்லை என்று திரும்பியது. நிறம் எழுதினேன். வயர் எந்தப் பக்கத்தால் வெளியே வருகிறது என்று திரும்பியது. நாலாம் முறை எல்லாம் சரி, இடது பக்கம் ஓரம் விடவில்லையாம். அன்றைக்கு நான் யன்னலுக்கு வெளியே போன காகத்தைக்கூட ஏசினேன்.

பெயர் விடயத்தில் இன்னும் மோசம். இரண்டு டிஸ்க் பெட்டிகளில் வடக்குப் பக்கம் இருந்ததை ‘வடக்குப் பெட்டி’ என்று பதிந்திருந்தார். மழைக்கு யன்னலால் சாரல் அடிக்கிறதென்று மேசையைத் திருப்பிப் போட்டோம். வடக்குப் பெட்டி தெற்கே போய்விட்டது. பெயரை மாற்றுங்கள் என்றேன். முடியாது என்றுவிட்டார். அந்தப் பெயரை நம்பி என்னுடைய புரோகிராமில் ஏழெட்டு இடம் இருக்கிறதாம், அதெல்லாம் அநாதையாகிவிடுமாம். நான் அந்தப் பெயரைக் கேட்டு வந்த ஒவ்வொரு முறையும் கொப்பியில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். உண்மைதான், எனக்கே அது ஞாபகம் இல்லை. கடைசியில் சாரல் அடித்தாலும் பரவாயில்லை என்று மேசையைப் பழையபடி திருப்பினோம். யன்னலுக்கு ஒரு சாக்குக் கட்டினோம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, கொழும்பிலிருந்து கம்பனிப் பங்காளிகள் வருகிறார்கள் என்று முதலாளி சொன்னார். மெசின் ஒழுங்காக வேலை செய்தால் இங்கே இருக்கும். இல்லையென்றால் கொழும்புக்குப் போகும். அது போனால் நானும் பின்னாலே போகலாம். கொப்பியரை யாரும் கூட்டிக்கொண்டு போகமாட்டார்கள், அவர் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

பங்காளிகளுக்குப் பட்டியலைக் கடதாசியில் அடித்துக் காட்ட வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. பிரிண்டர் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலில் இருந்தது. கப்பல் எங்கள் யன்னலுக்கு நேரே நங்கூரம் போட்டு நின்றது. பங்காளிகள் வருகிற அன்றைக்கு விடியச் சாமான் இறங்கிவிடும் என்றார்கள். விபரப் புத்தகம் தபாலில் முன்னமே வந்திருந்தது, இலக்கம் எல்லாம் அதில் இருந்தது. அதைப் பார்த்து எழுதிவிடுங்கள் என்று கொப்பியரைக் கேட்டேன்.

“கப்பல் கண்ணுக்குத் தெரியுது. சாமான் கைக்கு வரேல்ல. எழுத ஏலாது.”

முதல் நாள் நாலரைக்கு அவர் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு, பாலையூற்று பஸ்ஸைப் பிடிக்கப் போனார். கொப்பி கிடக்கிற அலுமாரிப் பூட்டின் மற்றத் திறப்பு என்னிடம் இருந்தது. கொப்பியை எடுத்து, பிரிண்டர் என்று ஒரு வரியை நானே எழுதினேன். உள்புரோகிராமிலும் சேர்த்துவிட்டேன்.

விடிந்தது. பங்காளிகள் வந்தார்கள். பிரிண்டர் வரவில்லை. அந்த வரியை எடுத்துவிட நேரம் இருந்தது. இல்லாத சாமானை மெசின் தாண்டிப் போய்விடும் என்று நான் விட்டுவிட்டேன்.

மெசினைப் போட்டேன். திரை எழும்பியது, டிஸ்க் எழும்பியது, அதோடு நின்றது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். தேத்தண்ணி வந்தது, வடை வந்தது, இரண்டாம் தேத்தண்ணியும் வந்தது. உங்கள் மெசினுக்கும் ஒரு தேத்தண்ணி குடுங்கோ என்று ஒரு பங்காளி சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். முதலாளியின் காது சிவந்துவிட்டது. நான் மெசினை அணைத்துத் திரும்பப் போட்டேன், அதே இடத்தில் நின்றது.

கொப்பியர் மெதுவாக எழும்பிப் போய்க் கொப்பியைத் திறந்தார். கடைசி வரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“வராத சாமானை வந்ததெண்டு எழுதிக் கிடக்கு. அது பாவம், நம்பிக் காத்துக்கொண்டு நிக்குது.”

“ஆர் எழுதினது?” என்றார் முதலாளி.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கொப்பியர் சொன்னார்: “கொப்பி என்ர பொறுப்பு.”

பொய் சொல்லத் தெரியாத மனிதர். என்னைக் காப்பாற்றவும் அவர் பொய் சொல்லவில்லை, ஒரு உண்மையைத்தான் சொன்னார். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு நான் செய்த வேலை அதுதான்.

வரியைச் சிவப்புப் பென்சிலால் வெட்டினார். நானும் உள்புரோகிராமில் எடுத்தேன். மெசின் எழும்பியது, பட்டியல் திரையில் வரிசையாக வந்தது, பங்காளிகள் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். மெசின் திருகோணமலையிலேயே நின்றது. கொப்பியருக்குத்தான் மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லப்பட்டது.

கொப்பியை என்னிடம் ஒப்படைத்தபோது அதற்கும் ஒரு விபரம் எழுதித் தந்தார். ‘கொப்பி ஒன்று. நீல மட்டை. பின் மூலையில் தேத்தண்ணிக் கறை இரண்டு. கடைசி வரி வெட்டப்பட்டுள்ளது.’ யார் எழுதிய வரி என்று அதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் பாலையூற்றுக்குப் போனேன். வழி முழுக்க மன்னிப்பை ஒத்திகை பார்த்தேன். அவருடைய மனைவி கதிரையை இழுத்துப் போட்டார். நான் தொடங்கினேன்.

“ஐயா, அந்த வரி...”

“உங்கட எழுத்து எனக்குத் தெரியாதோ? அந்தக் கதையை விடுங்கோ. பிரிண்டர் வந்திட்டுதோ?”

“ஓம். வெள்ளிக்கிழமை வந்தது.”

“காலுக்கு என்ன போட்டுக் கிடக்கு? றப்பரோ, இரும்போ?”

எனக்குத் தெரியவில்லை. பார்த்துவிட்டு வரச் சொன்னார். அந்த வெயிலில் சைக்கிளை மிதித்து அலுவலகத்தைத் திறந்து, பிரிண்டரைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். றப்பர்தான், நாலில் ஒன்று வெடித்திருந்தது என்றேன். மனிதருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே. கலியாணச் சேதி கேட்டதுபோல இருந்தது.

பிறகு புதிதாக எது வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், கேள்வி கேட்பார், திருத்துவார். முதலாளியிடம் மட்டும் நான் உண்மையைச் சொல்லவேயில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றே இருந்தேன். பிறகு கலவரம் வந்து ஊர் குழம்பியது, நான் வெளிநாடு போனேன். கொப்பியர் போய்விட்டார் என்ற கடிதம் மூன்று மாதம் பிந்தி வந்தது. இப்போது முதலாளியும் இல்லை. அந்த வரியை எழுதியவன் நான்தான் என்று இன்றைக்குத்தான் அச்சில் சொல்கிறேன், கேட்க வேண்டியவர்கள் ஒருவரும் இல்லாதபோது.

நானும் ஓய்வுபெறும் வயதுக்கு வந்துவிட்டேன். புதிதாக ஒரு சாமான் மேசைக்கு வந்தால் இன்றைக்கும் முதலில் அதைக் கவிழ்த்துத்தான் பார்க்கிறேன். பார்த்த கையோடு பாலையூற்றுக்குப் போய்ச் சொல்ல வேண்டும்போல இருக்கிறது.