அகர வரிசையில் ஒரு கல்யாணப் பத்திரிகை

இரண்டு நாடுகளுக்கு நடுவே சமாதானம் பேசிவிடலாம். ஒரு கல்யாணப் பத்திரிகையில் சொந்தக்காரர்கள் பெயரைப் போடுவதுதான் கஷ்டம். வெளியுறவுத் துறையில் சேர்ந்த சில வருடங்களிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்த இடம் அருப்புக்கோட்டை.

சீனச் சண்டைக்குப் பிறகு ராணுவத்தில் சேர்ந்து, கேப்டனாகி, பரீட்சை எழுதித் தூதரக வேலைக்கு வந்தவன் நான். அங்கே எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு, விருந்துகளில் யார் எங்கே உட்காருவது என்று பெயர் அட்டை வைப்பது. (எல்லையில் பதுங்குகுழி வெட்டியது இதைவிடச் சுகம்.) அங்கேதான் அந்த மந்திரத்தைக் கற்றேன்: பெயர்களை அகர வரிசையில் போட்டுவிட்டால் யாருக்கும் வருத்தம் வராது.

எழுபதுகளின் தொடக்கத்தில் தங்கை ராஜாமணிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்பா இல்லாத வீடு. லீவில் வந்து இறங்கியதும் பத்திரிகை வேலையை நானே எடுத்துக்கொண்டேன். முப்பத்திரண்டு சொந்தக்காரர்களையும் அகர வரிசையில் நிறுத்தினேன். அச்சாபீஸ்காரர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, “தாய்மாமன் கடைசியில இருக்காகளே சார்?” என்றார். சர்வதேச நடைமுறை என்றேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்துக் கோக்கப் போனார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசித்துக் காட்டவும் இல்லை.

தாய்மாமன் வெள்ளைச்சாமி, திருச்சுழிப் பக்கம் பருத்தி போடுகிறவர். முதல் வரியில் இருந்த அழகர்சாமிச் சித்தப்பா, கிணற்றுப் பங்குத் தகராறில் மாமாவோடு ஏழு வருடமாகப் பேசாதவர். தாம்பாளத்தில் வைத்து முதல் பத்திரிகையை மாமாவுக்குத்தான் கொடுத்தோம். சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். அவர் கண்ணாடி போட்டது நாங்கள் கிளம்பிய பிறகு.

மூன்றாம் நாள் திருச்சுழி பஸ் கண்டக்டர் எங்கள் வீட்டு வாசலில் நின்று, மஞ்சள் தடவிய அதே பத்திரிகையை நீட்டினார்.

“யாருக்கோ போக வேண்டியது மாறி வந்திருச்சாம். குடுத்துரச் சொன்னாக.”

தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் எங்கள் வீட்டில் ஒரு பெண்ணும் மணவறை ஏறியதில்லை. அம்மா அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். ராஜாமணிதான் பேசினாள்.

“அண்ணே, நீ பாகிஸ்தான் சண்டையில இருக்கயில லெட்டரு வரலன்னு தெனமும் திருச்சுழி தபாலாபீஸ்ல போயி நின்னது யாரு?”

மறுநாள் மாமா வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். (கோபம் என்மேல்தான், மோருக்கு அதில் சம்பந்தமில்லை.) உலக மாநாடுகளில் நாடுகள் எந்த வரிசையில் உட்காருகின்றன என்று கால் மணி நேரம் விளக்கினேன். மாமா பொறுமையாகக் கேட்டார்.

“அங்க வாரவுக யாராச்சும் யாருக்காச்சும் மாமன் முறையா மாப்ள?”

“இல்ல மாமா.”

“அப்ப அவுக எங்கன உக்காந்தா என்ன?”

மீதி மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை; மறுபடி அச்சடிக்க முடியாது. எனவே ஒரு திட்டம் போட்டேன். (என் திட்டங்களைப் பற்றி இதற்குள் உங்களுக்கு ஓர் அபிப்பிராயம் வந்திருக்கும்.) கொடுத்த பத்திரிகைகளை எல்லாம் திரும்ப வாங்கி, கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குச் சிவப்பு மையால் ஓர் அம்பு போடுவது. கோடு நேராக வர வேண்டுமே, வீட்டில் ஸ்கேல் வைத்துப் போடலாம் என்று, வாடகை சைக்கிளில் பக்கத்துப் பாளையம்பட்டி முழுக்கச் சுற்றிப் பத்திரிகைகளை வாங்கிப் பையில் அடுக்கினேன்.

பெண்ணின் அண்ணனே வந்து பத்திரிகையைத் திரும்ப வாங்கினால் எங்கள் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் பாளையம்பட்டியை முடிப்பதற்குள் கல்யாணம் நின்றுபோன செய்தி பாலவனத்தம் போய்விட்டது. மாப்பிள்ளை வீடு பாலவனத்தம்.

நான் வீடு திரும்பியபோது இரண்டு வாடகைக் கார் நிறையச் சம்பந்தி வீட்டார் வந்து, எங்கள் பையனுக்கு என்ன குறை என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விளக்கினேன். ஸ்கேலைக்கூட எடுத்துக் காட்டினேன். படித்தவன் இவ்வளவு மோசமாகப் பொய் சொல்வதை இப்போதுதான் பார்ப்பதாக மாப்பிள்ளையின் அப்பா சொன்னார். ராஜாமணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போது வெள்ளைச்சாமி மாமா உள்ளே வந்தார். செய்தி திருச்சுழிக்கும் போயிருந்தது. என்னைத் திரும்பியும் பார்க்காமல் சம்பந்தியின் எதிரில் போய் நின்றார்.

“கல்யாணம் நடக்கும். தாய்மாமன் நான் சொல்றேன். இவன் பட்டாளத்துல ரொம்ப நாள் வெயில்ல நின்னவன், விடுங்க.”

அவ்வளவுதான். இவ்வளவு சுருக்கமான சமாதான உடன்படிக்கையை என் உத்தியோக காலம் முழுவதிலும் நான் பார்த்ததில்லை. சம்பந்தி காப்பி கேட்டார். மாமா என் பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து, என்னை அம்பு போடச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்று பார்த்தார். “இன்னுங் கொஞ்சம் மேல ஏத்து,” என்றார். அழகர்சாமிச் சித்தப்பாவின் பெயரைத் தாண்டி ஏற்றினேன்.

அன்றிலிருந்து நான் குடும்பத்தில் ‘அம்பு’. துப்பாக்கி பிடித்தது யாருக்கும் நினைவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு ராஜாமணியின் மகளுக்குக் கல்யாணம். இப்போது தாய்மாமன் நான். பத்திரிகை, நான் தூதராக இருந்த நாட்டுக்குத் தபாலில் வந்தது. என் பெயர் கடைசி வரியில். அங்கிருந்து முதல் வரிக்கு மேலே வரை, சிவப்பு மையில், அச்சிலேயே ஓர் அம்பு.

கண்டக்டரிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருப்பேன். திருச்சுழி பஸ் அவ்வளவு தூரம் வருவதில்லை.