புல்வெட்டும் வண்டியில் பதினோரு சுற்று

ஒரு பொருளை வாங்க ஒன்பது வாரம் எடுத்துக்கொள்பவன் மகா கஞ்சனாக இருப்பான், இல்லையென்றால் மகா புத்திசாலியாக இருப்பான் என்று உலகம் நினைக்கிறது. நான் இரண்டு கட்சியிலும் சேர்த்தியில்லை. ஒன்பது வாரமாக நான் ஒரு புல்வெட்டும் வண்டியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்ததற்குக் காரணம், அந்தக் கடையில் மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலியும், என்னிடம் கேள்வி கேட்க ஒரு மனிதனும் இருந்ததுதான். (இதை என் மனைவியிடம் நானாகச் சொல்லவில்லை. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் விஷயமே.)

ரங்கூனிலிருந்து பாலத்தைத் தாண்டினால் வரும் தன்லினில் எங்களுக்கு ஒரு ஏக்கர் நிலமும் அதன் நடுவில் ஒரு வீடும் இருந்தன. வாங்கும்போது பெரிய திட்டம். முன்பக்கம் நாங்கள், பின்பக்கம் மகள் குடும்பம், வேலியோரமாக மைத்துனர். மைத்துனர் சிங்கப்பூர் போனார். மகள் வசந்தி மெல்பர்ன் போனாள். அவளுடைய இரண்டாவது பிரசவத்துக்கு ‘ரெண்டே மாசம் ஒத்தாசையா இருந்துட்டு வர்றேன்’ என்று கிளம்பிய என் மனைவி பத்மாவுக்கு அந்த ரெண்டே மாசம் இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. மிச்சம் நானும் புல்லும். புல்லுக்கு வெளிநாடு போகும் யோசனையே இல்லை.

தோளில் மெஷினை மாட்டிக்கொண்டு வந்து வெட்டிக்கொடுத்த ஆளும் தாய்லாந்துக்கு வேலைக்குப் போய்விட்டான். ஆனி, ஆடி மழையில் புல் என் இடுப்புக்கு வந்தது. போட்டாதாங் துறைமுகம் பக்கம் கப்பல் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் என் வேலையும் வாரத்தில் இரண்டு நாளாகச் சுருங்கியிருந்தது. மீதி ஐந்து நாளும் நான் வாய் திறந்தால் அது கொட்டாவிக்காகத்தான். பத்மா வைபர் வீடியோவில் கூப்பிடும்போது மட்டும், “இங்க ஆள் வர்றதும் போறதுமா ஒரே கூட்டம், பேசக்கூட நேரமில்ல” என்று அலுத்துக்கொள்வேன். (கூட்டம் என்பது வராந்தாச் சுவரில் இருந்த இரண்டு பெரிய பல்லிகள்.)

ஒருநாள் பத்மா முடிவாகச் சொன்னாள்.

“ஏங்க, பின்னாடி தெரியுதே, அது காடா, நம்ம தோட்டமா?”

“தோட்டந்தான். கொஞ்சம் செழிப்பா இருக்கு.”

“பாம்பு வந்து படுத்தாக்கூடத் தெரியாது. இதோ பாருங்க, அந்த ஒரு ஏக்கரை ஒத்த ஆளா உங்களால கட்டி மேய்க்க முடியும்னு என் கண்ணுல காட்டுங்க. நவம்பர்ல நான் மூட்டை கட்டிக்கிட்டு வந்து அங்கேயே இருந்துடுறேன். முடியலேன்னா வித்துட்டு வேற வழி பார்ப்போம்.”

அந்த வீட்டை விற்கும் பேச்சே எனக்கு ஆகாது. விற்றுவிட்டால் மூன்று குடும்பமும் திரும்பி வரும் என்ற கணக்கையும் சேர்த்துத்தானே விற்க வேண்டும். அதனால், “ஒரு மெஷின் வாங்கிடுறேன், நீ வந்து பாரு” என்று மார்தட்டினேன். வசந்தி குறுக்கே வந்து, அவள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வண்டியில் உட்கார்ந்தபடியே புல் வெட்டுகிறார் என்றும், ஸ்டியரிங்கே இல்லாமல் நின்ற இடத்திலேயே திரும்புகிறது என்றும், அதற்கு ஜீரோ டர்ன் என்று பேர் என்றும் சொன்னாள். எழுபது வயதுக்காரர் ஓட்டுகிறாராம். எனக்கு ஐம்பத்தேழு. போதாதா?

இப்படித்தான் நான் போட்டாதாங்கில் ஒரு பழைய கிடங்கில் இருந்த மெஷின் கடைக்குள் நுழைந்தேன். விற்பனையாளர் பெயர் கோ ம்யோ. முப்பத்தைந்து வயசு. வீட்டில் வைத்த பேர் முருகேசன். தமிழ் நன்றாகப் புரியும். பேசும்போது பாதியில் பர்மிய மொழிக்கு இறங்கி, கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, மறுபடி தமிழில் ஏறிக்கொள்வார். என்னை ‘ஊலே’ என்றார். எங்கள் ஊரில் மாமா, சித்தப்பா, பெரிய மனிதர் எல்லோருக்கும் அந்த ஒரே சொல்.

“ஊலே, இடம் சமமா, மேடு பள்ளமா?” என்று கேட்டார்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என்னைப் பற்றி யாராவது எதையாவது கேட்டுப் பன்னிரண்டு நாளாகியிருந்தது.

“மரம் எத்தனை? மழைத் தண்ணி நிக்குமா? கேட் எத்தனை அடி? வெட்டுற தட்டு நாப்பத்திரண்டு அங்குலம் இருக்கு, நாப்பத்தெட்டு இருக்கு, அம்பத்திநாலு இருக்கு. பெருசுன்னா சீக்கிரம் முடியும், ஆனா மரத்துக்கு நடுவுல போகாது. வீட்டுல எத்தனை பேர், யார் ஓட்டுவாங்க?”

“ஆறு பேர்” என்றேன். எங்கிருந்து வந்தது அந்த ஆறு, எனக்கே தெரியாது. “மாறி மாறி ஓட்டுவோம்.”

ஒரே உட்காரலில் வாங்கியிருக்கலாம். ஒரு ஏக்கர், பதினாலு மரம், பத்தடி கேட். நாற்பத்திரண்டு அங்குலம் போதும் என்று முதல் நாளே கோ ம்யோ சொல்லிவிட்டார். ஆனால் வாங்கிவிட்டால் அடுத்த வாரம் எங்கே போவது? “யோசிச்சுச் சொல்றேன்” என்று எழுந்தேன். அடுத்த புதன்கிழமை, வெட்டும் தட்டு ஒரே தகடா, பற்றவைத்த தகடா என்று ஒரு சந்தேகத்தோடு போனேன். அதற்கடுத்த புதன், இருக்கைக்குக் கைப்பிடி உண்டா. அதற்கடுத்த புதன், ஈரக் களிமண்ணில் சக்கரம் வழுக்குமா. (வழுக்கும் என்றார். அதை நான் மனதில் வாங்கியிருக்கலாம்.) மனிதர்களே பெட்ரோலுக்கு வரிசையில் நிற்கும் ஊரில் புல்லுக்கான பெட்ரோலுக்கு எங்கே போவது என்பதை ஒரு முழு மத்தியானம் அலசினோம். மதியம் அவர்கள் டிபன் கேரியரைத் திறந்தால் எனக்கும் ஒரு தட்டு வந்தது. ஆறாவது வாரத்தில் கடைக்கு வந்த வேறொருவருக்கு நானே மூன்று அளவையும் விளக்கினேன்; அவர் உடனே ஒன்றை வாங்கிக்கொண்டும் போய்விட்டார்.

ஒன்பதாவது புதன்கிழமை கோ ம்யோ காதைச் சொறிந்துகொண்டு வந்தார்.

“ஊலே, முதலாளி சொல்றாரு, வண்டியை உங்க வீட்டுக்கே கொண்டுவந்து ஓட்டிக் காட்டணுமாம். புடிச்சா எடுத்துக்கணுமாம்.”

“புடிக்கலேன்னா?”

“புடிக்கலேன்னா, ஊலேவுக்கு நாற்காலி மட்டும் தனியா விக்கட்டுமான்னு கேட்டாரு.”

மானமுள்ளவன் என்ன செய்வான்? “ஞாயிற்றுக்கிழமை வாங்க” என்றேன். அன்றைக்கே பத்மாவுக்கும் சொல்லிவிட்டேன்: “ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வைபர்ல உட்காருங்க. நான் ஓட்டுறதை நேராவே பாருங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நகர் நடுவே இருக்கும் பபேடானுக்குப் போய் இருபது சமோசா வாங்கிவந்தேன். வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்களே. லாரி வந்தது. இறங்கியது கோ ம்யோவும், வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிய டிரைவரும்தான். கோ ம்யோ வாசலில் செருப்பைக் கழற்றும்போது அங்கே கிடந்த ஒரே ஒரு ஜோடிச் செருப்பைப் பார்த்தார். உள்ளே எட்டி, மேசைமேல் இருந்த ஒரே கோப்பையைப் பார்த்தார். மீதி ஐந்து பேர் எங்கே என்று கேட்கவில்லை. இரண்டு சமோசாவை மட்டும் வேகமாகத் தின்றார்.

லாரி டிரைவர் கத்தியால் முன்புறம் ஒரு கல்யாணப் பந்தல் அளவுக்குப் புல்லைச் சரித்துக் கொடுத்தார். நான் பிளாஸ்டிக் முக்காலியில் போனைச் சாய்த்து வைத்தேன். திரையில் பத்மா, வசந்தி, நாலு வயதுப் பேத்தி தியா.

“ஊலே, பேன்ட் போட்டுக்கங்க, நோ” என்றார் கோ ம்யோ. (இந்த ‘நோ’ மறுப்பு இல்லை; நாங்கள் வாக்கியத்தின் வாலில் கட்டுகிற ‘சரியா’.)

“தம்பி, இந்தக் கைலியோட நான் சைக்கிள் ஓட்டியிருக்கேன், படகு ஓட்டியிருக்கேன். புல் என்ன பண்ணிடும்?”

அவர் பெருமூச்சு விட்டுவிட்டு விளக்கினார். இரண்டு கைக்கு இரண்டு லீவர். இரண்டையும் முன்னால் தள்ளினால் நேரே போகும். ஒன்றை விட்டால் அந்தப் பக்கத்துச் சக்கரம் நின்றுவிடும், வண்டி அங்கேயே சுழலும். பயந்துபோனால் இரண்டையும் விட்டுவிட வேண்டும். “பிளேடு ஓடாது, நான் நிறுத்தி வச்சிருக்கேன். சும்மா ஓட்டிப் பாருங்க.”

ஓட்டினேன். ஐயா, முதல் முப்பதடி நான் ஓட்டிய அழகை எழுதினால் கர்வம் என்பீர்கள். திரையில் பத்மாவின் முகத்தில் நம்பிக்கை மாதிரி ஏதோ ஒன்று தெரியவே, பரவாயில்லை, நவம்பரில் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அப்போது இடுப்பில் கைலி முடிச்சு தளர்ந்தது.

ரங்கூன் ஆண்பிள்ளைக்குக் கைலி தளர்ந்தால் மூளைக்குத் தகவல் போகாது. கை தானாகப் போகும். நடந்துகொண்டே, பேரம் பேசிக்கொண்டே, பஸ்ஸில் தொங்கிக்கொண்டே நாளைக்கு இருபது முறை அவிழ்த்து இறுக்குகிற கை அது. என் இடது கை லீவரை விட்டுவிட்டு இடுப்புக்குப் போனது.

வண்டி சுழன்றது.

வலது கையையும் விட்டிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். ஆனால் அந்த நேரத்தில் என் புத்தி இப்படி வேலை செய்தது: லீவரை விட்டால் வண்டி என்ன செய்யும் என்று தெரியாது, விடாவிட்டால் சுற்றும் என்று தெரியும். தெரிந்த ஆபத்தே மேல். ஆகவே இறுக்கிப் பிடித்தேன். பயத்தில் இன்னும் முன்னால் தள்ளினேன். கேட், மாமரம், வீடு, போன். கேட், மாமரம், வீடு, போன். ஒவ்வொரு முறை போனைக் கடக்கும்போதும் அதிலிருந்து ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது.

“ஏங்க...”

மாமரம், வீடு.

“...என்ன...”

மாமரம், வீடு.

“...பண்றீங்க?”

நின்ற சக்கரம் ஈரக் களிமண்ணைத் தோண்டிக்கொண்டு இறங்கியது. சுற்றிய சக்கரம் அந்தச் சேற்றை வாரி லாரி டிரைவர் மேல் இறைத்தது. அவர் அசையாமல் நின்று, “நல்லாத்தான் பழகுறாரு” என்று பர்மிய மொழியில் சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பினார். கோ ம்யோ என் சுற்றுக்கு வெளியே இன்னொரு சுற்று ஓடிக்கொண்டே கத்தினார்.

“கையை விடுங்க, ஊலே. கையை விடுங்க.”

எந்தக் கையை என்று சொல்லவில்லை. நான் கைலியை விட்டேன்.

அது சரிந்தது. பிடிப்பதற்காக எழுந்து நின்றேன். இருக்கையில் ஆள் இல்லையென்றால் தானாக நின்றுவிடும்படி அந்த வண்டியைச் செய்திருக்கிறார்கள். இதை நான்காவது வாரமே எனக்குப் பாடம் எடுத்திருந்தார்கள். சடக்கென்று நின்றது. எத்தனையோ திசைகள் இருக்க, போனுக்கு நேர் எதிரே நின்றது. நான் மேடையில் நிற்பதுபோல வண்டிமேல் நின்றேன், நீலக் கட்டம் போட்ட அரைக்கால் டிராயரோடு.

பதினோரு சுற்று என்பது பேத்தி தியாவின் கணக்கு. அவளுக்கு அதற்குமேல் எண்ணத் தெரியாது.

திரையில் பத்மா சிரித்துக்கொண்டிருந்தாள். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, இரண்டு வருடத்தில் நான் பார்க்காத சிரிப்பு. சேற்றில் நின்றபடி நானும் சிரித்தேன். சமாளித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அந்த இடத்தில்தான் நல்லவரான கோ ம்யோ என் மானத்தைக் காப்பாற்ற போனைக் கையில் எடுத்தார்.

“ஆண்டி, ஊலேவைத் தப்பா நினைக்காதீங்க, நோ. மெஷின் பத்தி அவருக்கு எல்லாம் தெரியும். ஒம்போது வாரமா புதன்கிழமை தவறாம கடைக்கு வர்றாரு. மழையிலயும் வருவாரு. எங்ககூடத்தான் சாப்பிடுவாரு. வீட்டுல பேச ஆளில்ல பாருங்க, பாவம்.”

வண்டி சுற்றியபோது வராத பயம் அப்போது வந்தது. போனைப் பிடுங்கப் பாய்ந்தேன். ஒரு கையில் கைலி இருந்ததால் வேகம் போதவில்லை. திரையில் சிரிப்பு நின்றிருந்தது.

“ஒம்போது வாரமா?” என்றாள் பத்மா.

“நாப்பத்திரண்டு அங்குலமா, நாப்பத்தெட்டான்னு...”

“ஜோக் அடிக்காதீங்க.”

அடிக்கவில்லை. கைலியை இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டினேன். கோ ம்யோ போனை முக்காலியில் வைத்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு சக்கரத்தில் ஒட்டியிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்ட ஆரம்பித்தார்.

“வீட்டை வித்துடலாங்க” என்றாள்.

“நான் தோத்துட்டேனா?”

“அந்தப் புல்லை ஜெயிச்சு அங்க தனியா உக்காந்து என்ன பண்ணப் போறீங்க?”

நான் திரும்பி, மிச்சமிருந்த இடுப்பளவுப் புல்லைப் பார்த்தேன். (அவள் கேட்டதை இன்றைக்கும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.)

வீடு கார்த்திகைக்குள் விலை போயிற்று. வாங்கியவர் முதல் வேலையாகத் தோட்டம் முழுக்க சிமெண்ட் பூசிவிட்டார். நான் தோண்டிய வட்டப் பள்ளத்துக்கு மட்டும் மூன்று மூட்டை கூடுதலாகப் பிடித்ததாம். நான் பபேடானில் நாலாவது மாடிக்கு வந்துவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ரேடியோ, கீழே பரோட்டாக் கல், பாங்கொலி, பஸ் கண்டக்டர். பத்மா நவம்பரில் வருவாள். ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா முடிந்ததும் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போய்விடுவாள். ஆறு மாதம் அவள், ஆறு மாதம் எதிர்வீட்டு ரேடியோ. புல்வெட்டும் வண்டி வாங்கவேயில்லை.

போன வாரம் வசந்தி ஒரு வீடியோ அனுப்பினாள். தியாவின் பள்ளிக்கூட மைதானம். பிள்ளைகள் எல்லோரும் இடது கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலது கையை முன்னால் நீட்டி, நின்ற இடத்திலேயே சுற்றுகிறார்கள். தியா நடுவில் நின்று ஏதோ கத்துகிறாள். உடனே எல்லோரும் கையை விட்டுவிட்டுப் பொத்தென்று புல்லில் விழுகிறார்கள். அவள் கண்டுபிடித்த விளையாட்டாம். பேர், ‘தாத்தா’. முதலில் விழுகிறவர் தோற்றவர் இல்லை. அவர்தான் அன்றைக்குத் தாத்தா. அதனால் எல்லோரும் விழுந்து புரண்டு, நான்தான் தாத்தா, நான்தான் தாத்தா என்று சண்டை போடுகிறார்கள். தமிழில் அவர்களுக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான்.

வீடியோவை நிறுத்தி நிறுத்தி எண்ணிப் பார்த்தேன். அங்கே பதினெட்டுத் தாத்தாக்கள் இருக்கிறார்கள். இங்கே நவம்பர் வரைக்கும் ஒருத்தன்தான்.