ஐயாவின் முகமும் ஐந்து மீற்றர்களும்

சிவமயம்

அக்கராயன்,
பங்குனி 28.

பேரன்புக்குரிய அத்தான் வீரபாகு அவர்கட்கு, மைத்துனன் பரமேஸ்வரன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு நான், சிவனேஸ்வரி, மகள் மேனுகா, மாடு இரண்டும் கன்றுமாக எல்லோரும் சுகம். அங்கு நீங்களும் ஞானேஸ்வரி அக்காவும் பிள்ளைகளும் பனியில் வழுக்காமல் நடந்து திரிய எங்கள் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். இதை வாட்ஸ்அப்பிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அதில் நீங்கள் உடனே திருப்பி ஏசக்கூடிய வசதி இருக்கிறது. கடிதம் கனடா வந்து சேர மூன்று கிழமையாவது எடுக்கும் என்பதால் கடிதமே நல்லதென்று நினைத்தேன்.

நேரே விடயத்துக்கு வருகிறேன். போன முறை வந்தபோது நீங்கள் ஆசைப்பட்டு வாங்கி எங்கள் மாமரத்தடியில் விட்டுப்போன பழைய ஒஸ்ரின் காரின் மீற்றர்ப் பலகையைக் கறையான் தின்றுவிட்டதும், வேகம், பெற்றோல், சூடு, ஒயில், பற்றறி என்ற ஐந்து மீற்றரும் வயரில் தொங்கியதும் நீங்கள் அறிந்ததே. பலகையைப் புதிதாகச் செய்து, அதில் உங்கள் தகப்பனார் ஐயாவின் ஞாபகார்த்த வாசகத்தையும் போட்டால், ஆடி மாதம் வந்து காரை மேனுகாவின் பெயருக்கே எழுதித் தருவதாகவும், இல்லாவிட்டால் கலியாண வாடகைக்குக் கேட்கிற ஒருவனுக்கு விற்றுவிடுவதாகவும் சொன்னீர்கள். மேனுகா தர்மபுரத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். விடிய வெளிக்கிட்டு இரண்டு பஸ் மாறி, ஒற்றைக் காலில் நின்று போகிற பிள்ளை. அந்தக் கார் அவளுக்குக் கிடைத்துவிட வேண்டும் என்று நான் படுகிற பாடு கொஞ்சமல்ல. பலகையும் செய்தாயிற்று, திறப்பு விழாவும் நடந்தாயிற்று, நீங்கள் முகநூலில் போட்ட படத்துக்கு நானூறு பேர் விருப்பம் தெரிவித்ததையும் பார்த்தேன். ஆனால் அத்தான், அந்தப் படத்தில் பலகை மட்டும்தான் இருக்கிறது, கார் இல்லை. நானூறு பேரில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

நடந்தது இதுதான். முப்பத்திரண்டு வருடம் கந்தோரில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவன் நான். கூட்டுகிற தும்புத்தடி ஒன்று வாங்குவதென்றாலும் மூன்று மாதிரி பார்க்காமல் கையெழுத்து வைத்ததில்லை. ஆகவே ஊரில் ஐந்து பேரைக் கூட்டிப் பொருள் தெரிவுக்குழு ஒன்று அமைத்தேன். ஐவரில் ஒருவருக்கும் கார் ஓடத் தெரியாது, பக்கச்சார்பு வரக்கூடாதல்லவா. கிளிநொச்சியில் கராஜ் வைத்திருக்கிற தர்சன் வந்து பார்த்துவிட்டு ஒரு தகரத்துண்டு காணும் என்றான். உடனே மேனுகா குசினிக்குள் போய், அக்கா எப்போதோ அனுப்பிய பெரிய விசுக்கோத்துத் தகரப் பேணியின் மூடியைக் கழற்றிக்கொண்டு வந்து, "அப்பா, இது அளவாயிருக்கு, மீற்றருகளுக்கு ஏர்த்தும் தானாக் கிடைக்கும்" என்றாள். அது சிவனேஸ்வரி உளுந்து போட்டு வைக்கிற பேணி. குழு வயிறு குலுங்கச் சிரித்தது. கனடாக்காரரின் காருக்கு உளுந்துப் பேணி மூடியா என்று தலைவர் கேட்டார். நான் கூட்டக் குறிப்பில், பரிசீலித்து நிராகரிக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

முதலில் முதிரை மரம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். வன்னியில் பிறந்தவன் முதிரையை விட்டால் வேறெதைச் சொல்லுவான்? தச்சு வேலைக்காரர் தன் வாழ்நாளில் கதவுநிலை மட்டுமே செய்தவர். ஒன்றரை அங்குலத் தடிப்பில் பலகையைச் சீவித் தந்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் வரும்போது வழியில் மறித்த வன இலாகாக்காரர் ஒருவர், காட்டு மரத்துக்கு அனுமதிப் பத்திரம் எங்கே என்று கேட்டார். இது மரமில்லை, காரின் பாகம் என்றேன். கார் எங்கே என்றார். சரி தளபாடம் என்றேன். தளபாடமென்றால் கால் இருக்க வேண்டுமே என்றார். திரும்பிப் போய் நான்கு கால் அடித்துக்கொண்டு வந்த பிறகுதான் விட்டார். வீட்டுக்கு வந்து காலைக் கழற்றலாமென்றால் சிவனேஸ்வரி விடவில்லை. இப்போது அதில் இருந்துதான் தேங்காய் துருவுகிறாள். எப்படியும் அந்தத் தடிப்புக்கு மீற்றரின் கழுத்து எட்டாது என்று தர்சன் பிறகு சொன்னான்.

அடுத்தது பிளைவூட். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. ஆனால் முன்கண்ணாடியின் றப்பர் ஒழுக்கு என்பதைக் குழு கவனத்தில் எடுக்கவில்லை. ஒரே மழையில் பலகை இடியப்ப மாவாக ஊதி, வயர்கள் இழுபட்டு, பெற்றோல் முள்ளு நிறைந்த இடத்திலேயே நின்றுவிட்டது. மேனுகா அதை நம்பி ஒரு நாள் தர்மபுரத்துக்கு எடுத்துப்போய், பள்ளிக்கூட வாசலுக்கு அரைக் கட்டை தூரம் முன்னால் பெற்றோல் தீர்ந்து கார் நின்று, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் விஞ்ஞான ரீச்சரைக் காரோடு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நல்ல ஆசிரியைக்கு மாணவர்கள் துணை நிற்பார்கள் என்று நான் ஆறுதல் சொன்னேன். அவள் அடுத்த நாளே திரும்பவும் பஸ்ஸில் போகத் தொடங்கினாள். அந்தப் பலகை இப்போது கோழிக்கூட்டுக் கதவு. பிறகு பிளாஸ்ரிக் தகடு வெட்டிப் போட்டோம். பங்குனி வெயிலுக்குத் தாங்குமா என்று ஆராய்ந்துகொண்டிருக்க, மாசி வெயிலே அதைப் பொரித்த அப்பளமாக்கிவிட்டது.

கடைசியில்தான் அலுமினியம். எங்கள் ஒழுங்கை முகப்பில், எப்போதோ வந்துபோன யாரோ ஒரு நிறுவனம் கிணறு வெட்டியதற்காக நட்ட விளம்பரப் பலகை நின்றது. கிணறு தூர்ந்து பத்து வருடம். பலகையில் ஒரு கீறல் இல்லை. குழு ஆராய்ந்து, எங்கள் பகுதியில் மழைக்கும் வெயிலுக்கும் நின்றுபிடித்த ஒரே பொருள் நன்கொடைப் பலகைதான் என்ற முடிவுக்கு வந்தது. கிணற்றுக்காரரிடம் கேட்டோம். அவர் தண்ணீர் கேட்காவிட்டால் சரி, எதையும் கொண்டு போங்கோ என்றார். அளவாக வெட்டி, முல்லைத்தீவில் வள்ளங்களுக்கும் கோயில்களுக்கும் பெயர் எழுதுகிற கிறகோரியிடம், நீங்கள் அனுப்பிய வாசகத்தோடு கொடுத்தேன்.

அத்தான், அந்த வாசகத்தைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. ஐயாவின் பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், வகித்த பதவிகள், பிள்ளைகள் ஆறு, மருமக்கள் ஆறு, பேரப்பிள்ளைகள் பதினேழு என எல்லோருடைய பெயரும், அன்பளிப்பு உங்கள் பெயர், நகரத்தின் பெயர். எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடக் கதிரையிலும் தண்ணீர்த் தாங்கியிலும் எழுதாததையா நீங்கள் எழுதச் சொன்னீர்கள்? பிழை என்னுடையது. பலகையின் நீள அகலத்தை அங்குலக் கணக்கில் கொடுத்த நான், அதில் ஐந்து ஓட்டை விழ வேண்டும் என்பதைக் கிறகோரியிடம் சொல்லவில்லை. அந்த மனுசன் நேர்மையான தொழிலாளி, ஓர் அங்குலம் வீணாக்காமல் நிரப்பிவிட்டார். நடுவில், வேக மீற்றர் இருக்க வேண்டிய அதே இடத்தில், தலைப்பாகையோடு ஐயாவின் முகம். காரில் ஏறினால் வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும் என்று வாழ்நாள் முழுவதும் சைக்கிளில் திரிந்த மனுசனை டாஷ்போட்டுக்கு நடுவில் இருத்திவிட்டோம்.

தர்சன் ஓட்டை போடுகிற மெசினோடு வந்தான். அதற்குள் சிவனேஸ்வரி ஐயாவுக்குச் சந்தனப் பொட்டு வைத்து மாலையும் போட்டுவிட்டாள். அவன் மெசினைக் கீழே வைத்துவிட்டு, "ஐயாவின்ர முகத்தில நான் ஓட்டை போடமாட்டன்" என்று சொல்லிப் போய்விட்டான். அவனில் பிழை சொல்ல முடியாது. குறித்த நாளில் நாடா வெட்டித் திறப்பு விழாவை வைத்து, ஐந்து பேர் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றதைத்தான் நீங்கள் படத்தில் பார்த்தீர்கள். அதற்குப் பிறகு மூன்று முறை குழு கூடியது. முகத்தை விட்டுப் பெயர்களில் ஓட்டை போடலாம் என்று தீர்மானமாயிற்று. ஆனால் எந்தப் பேரப்பிள்ளையில் என்று சொல்ல ஒருவரும் துணியவில்லை. நாளைக்கு அந்தப் பிள்ளை விடுமுறைக்கு வந்து தன் பெயர் எங்கே என்று கேட்டால், அதில் பெற்றோல் முள்ளு நிற்கிறது என்று யார் சொல்லுவது? இந்தக் கவலைகளுக்குள்ளே, பேணியின் மூடியைக் காணவில்லை, உளுந்தில் வண்டு விழுகுது என்று சிவனேஸ்வரி மூன்று கிழமையாகக் கத்துகிறாள். பூனையாக இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆகவே அத்தான், ஓட்டை போடத்தக்க ஐந்து பேரின் பெயரைத் தயவுசெய்து நீங்களே தெரிவு செய்து, கையொப்பமிட்டு அனுப்பிவைக்கவும். அதுவரை காரை விற்றுவிட வேண்டாம். பிள்ளை பாவம் அத்தான். பஸ்ஸில் வந்து கால் வீங்கி, காலைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு கொப்பி திருத்தியதைக் கண்ணால் கண்டவன் நான். சீதனமாக நான் அவளுக்குக் கொடுக்கக்கூடியது இந்த ஒரு காரியம்தான்.

ஐயாவின் படத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைக்கிறோம். அக்காவுக்கு என் அன்பும் நன்றியும். சிறியவர்கள் எல்லோரும், குறிப்பாக ஓட்டை விழப்போகிற ஐவரும், நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொற்படி நடக்கும்
பரமேஸ்வரன்

பி.கு.: ஒட்டிய கடிதத்தைத் திரும்பப் பிரித்து இதை எழுதுகிறேன். கடிதத்தை ஒட்டி, நாளைக்குத் தபாலில் போட்டுவிடு பிள்ளை என்று மேனுகாவிடம் கொடுத்தேன். அவள், "தாங்கோ அப்பா, கார்ல போகேக்க போட்டுவிடுறன்" என்றாள். எந்தக் காரில் என்று கேட்டேன். அவள் வெளியே கைகாட்டினாள். மாமரத்தடிக்குப் போய், காரை மூடியிருந்த படங்கை விலக்கிப் பார்த்தேன். பேணி மூடியில் ஐந்து மீற்றரும் பூட்டியிருக்கின்றன. அவளும் தர்சனும் ஒரு பின்னேரத்தில் செய்த வேலையாம். நான் வயலுக்குப் போன பிறகு காரில் போய், நான் மத்தியானம் படுத்திருக்கும்போது வந்து, மூன்று கிழமையாகிறதாம். சாவியைப் போட்டுப் பார்த்தேன், பெற்றோல் முள்ளு உள்ளதை உள்ளபடி சொல்கிறது. பழக்கதோசத்தில் மூடியின் முன்னும் பின்னும் தடவி, அன்பளிப்பு யாரென்று தேடினேன். ஒரு பூப்படம் மட்டும்தான் இருக்கிறது, பெயர் இல்லை. ஆகவே மேலே எழுதியவற்றில், அக்காவுக்கு நன்றி என்ற இடத்தைத் தவிர மற்றதையெல்லாம் வெட்டிவிடவும். அந்தப் பேணி வந்த காலத்தில் கிடைத்தது என்று நான் ஒரு வரிகூட எழுதிப் போடவில்லை. அக்காவிடம் சொல்லுங்கோ, பேணி கிடைச்சது.