இருபது மைக்ரான் மீன்கடை

"ஆமா, மீன் நாறினா குத்தமில்ல. கவர் மெல்லிசா இருக்கிறதுதான் குத்தம்"னாரு சுகாதார ஆய்வாளர் ஏகப்பன்.

மீன்கடை செபஸ்தியான் கல்லாவை விட்டு எந்திரிச்சான். ஆய்வாளர் கையில பூட்டும் அரக்கும் இருந்துச்சு. காரைக்குடி மார்க்கெட்டுல பிளாஸ்டிக் கவரைக் குறைக்கணும்னு மேலேருந்து உத்தரவு. இருபது மைக்ரான் தடிமனுக்குக் குறைஞ்ச கவரு வச்சிருந்தா கடைக்கு சீல். ஞாயித்துக்கிழமை சர்ச்சு பூசையைக் கூட விட்டுட்டுத் தொண்டியிலேர்ந்து ஏத்தியாந்த சீலா மீனு உள்ள கெடக்கு. இப்பப் பூட்டினா மத்தியானத்துக்குள்ள அழுகிப்போகும்.

மைக்ரான் அளக்கிற கருவி சிவகங்கை ஆபீஸ்ல இருக்காம். அது முறைப்படி வந்து சேருற வரைக்கும், எதிர்காலச் சந்ததியினர் நலன் கருதி, ஏகப்பனோட கட்டைவிரல்தான் கருவி. ஒரு கவரை எடுத்துத் தேச்சுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாரு.

"ரெண்டா போட்டா சார்?"

ஒண்ணுக்குள்ள ஒண்ணைச் சொருகி நீட்டினான் செபஸ்தியான். ஏகப்பன் கண்ணை மூடிக்கிட்டுத் தேச்சாரு.

"தடிமன் பூர்த்தியாகிறது."

அன்னையிலேர்ந்து மார்க்கெட்டு பூரா ரெட்டைக் கவருதான். கவர் மொத்த யாவாரி முத்துராமலிங்கம் வீட்டுக்கு மாடி எடுத்தாரு. சனமும் லேசுப்பட்டதில்ல. ஒத்தைக் கவரை நீட்டினா, எங்களைப் பார்த்தா சட்டம் தெரியாதவுக மாதிரியா இருக்குன்னு மூஞ்சியைத் தூக்குச்சு. காக்கிலோ நெத்திலி வாங்கின சாலா ஆச்சி, சம்மந்தி வீட்டுக்குப் போறதுன்னு சொல்லி மூணாக் கேட்டு வாங்கிட்டுப் போனாக. மெல்லிசுக் கவரு அறவே ஒழிக்கப்பட்டதுன்னு ஆபீஸ்லேர்ந்து அறிக்கை போச்சு.

ரெட்டைக் கவருக்கு மாறாம மிச்சம் இருந்தது ஒரே ஆளு, யூஜினியா டீச்சரு. ஒரு ஞாயித்துக்கிழமை, எப்பவும் போல ஒயர் கூடையில வாழையிலையை விரிச்சு மீனை வாங்கிக்கிட்டுத் திரும்பினாக. ஏகப்பன் மறிச்சு, கூடையைத் தடவிப் பார்த்தாரு.

"ஒயரும் பிளாஸ்டிக்தானே டீச்சர். ஒயர் இருக்கிற இடம் சரி. ஓட்டை இருக்கிற இடத்துல தடிமன் சைபர். இதுல மீன் போட்ட கடைக்கு சீல்தான்."

டீச்சரு இவன் பக்கம் திரும்பினாக. "செபஸ்தி, நீயே சொல்லு. என்னைக்காவது உங்கிட்ட ஒரு கவரு வாங்கியிருக்கேனா?"

"இல்ல டீச்சர். அதைத்தான் சார் தப்புங்கிறாக."

ரெண்டு பெரிய கவரை எடுத்துச் சொருகி, மீனைக் கூடையோட உள்ள இறக்கி, கவரு காதை முடிஞ்சு அவுக கையில குடுத்தான்.

"ஏப்பா செபஸ்தியான், இங்குட்டு வா" அடுத்த கடையிலேர்ந்து ஏகப்பன் கூப்பிட்டாரு. "கோழிக்கடைக்காரருக்கு எப்படிச் சொருகுறதுன்னு சொல்லிக்குடு."

செபஸ்தியான் கையைத் துடைச்சுக்கிட்டுப் போனான்.