வெட்கம் தெரியாத குகையண்ணே

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வெட்கம் என்றால் என்னவென்றே தெரியாமல் வாழ்ந்த ஒரே உயிர் எங்கள் குகையண்ணேதான். அவர் ஒரு டிராகன் என்பதை இதற்குக் காரணமாகச் சொல்ல மாட்டேன். டிராகன்களிலும் நல்ல குடும்பத்தில் பிறந்தவர்கள் இருப்பார்கள்.

பழைய ரப்பர்த் தோட்டத்தை அழித்து வரிசை வரிசையாக வீடுகள் கட்டிய தாமான் குடியிருப்பில் எங்கள் வீடு. பின்னால் சுண்ணாம்புக் குன்று, அதில் ஒரு குகை, அதற்குள் அவர். நீளத்தில் ஒரு பலகை லாரி இருப்பார். தோட்டக் காலத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிடுவதைக் குகைக்குள் படுத்தபடியே கேட்டுத் தமிழ் கற்றவர். அதனால் எதைச் சொன்னாலும் வேலைக்கு விரட்டுவது போலவே இருக்கும்.

கல்யாண மண்டபத்தில் முதல் பந்தி உட்காரும்போதே ஜன்னல் வழியாக ஒரு பச்சைத் தலை உள்ளே வரும். "எனக்கும் ஒரு எலை போடுலா. பாயாசம் வாளியோட வை." யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டால், "சாப்பிட்டுட்டுக் கேட்டுக்கிறேன்" என்பார். தண்ணீர்த் தொட்டியில் குளிப்பார். ரோட்டின் குறுக்கே தூங்குவார். மோட்டார்சைக்கிள்காரர்கள் ஹாரன் அடித்தால் வாலை மட்டும் தூக்கி வழிவிடுவார். தாமான்காரர்கள் திட்டித் திட்டிக் களைத்து, பழகிவிட்டார்கள்.

ஒரே குறை, அவருக்கு நெருப்பு வராது. எவ்வளவு முக்கினாலும் கொட்டாவிதான் வரும்.

நான் அவருக்கு நேர் எதிர். எனக்கு எல்லாவற்றுக்கும் வெட்கம். ஆறாம் வகுப்பில் ஒருநாள் ஆசிரியை பாடச் சொன்னார். வாயைத் திறந்தேன், தவளைச் சத்தம் வந்தது. பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகாமல் நேராகக் குகைக்குள் ஓடி ஒளிந்துகொண்டேன்.

"யாரு அது? காது இந்தச் சூடு சுடுது?" என்று இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

நான் தேவி என்றேன். அவர் பேரைக் காதில் வாங்கவில்லை. ஆறிப்போன கோப்பி டின்னை நகத்தில் மாட்டி என் காதோரம் பிடித்தார். சற்று நேரத்தில் அது தளதளவென்று கொதித்தது. ஒரு மிடறு குடித்துவிட்டு, "உனக்கு மந்திரம் வரும்லா" என்றார். "டிராகன் மந்திரத்துக்கு முதலே இந்தச் சூடுதான். எனக்குத்தான் அது பொறக்கல."

பாடம் மிகவும் எளிது. மானம் போன சம்பவம் ஒன்றை நினைக்க வேண்டும். காது சுட்டதும் ஒரு பொருளைப் பார்த்து, வா என்று மெல்லச் சொல்ல வேண்டும். என்னிடம் சம்பவங்களுக்குப் பஞ்சமே இல்லை. மேசைமேல் இருந்த பப்பாளி என் கைக்கு வந்தது. பக்கத்து வீட்டுக் கோழிகள் வரிசையாக நடந்து வந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கும் ஒன்று வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்பில்தான் பள்ளி விழாவில் மந்திரம் செய்து காட்ட ஒப்புக்கொண்டேன். தொகுதியின் மக்கள் பிரதிநிதியான ஒய்.பி. சிறப்பு விருந்தினர். தாம்பாளத்தில் இருக்கும் சாமந்தி மாலை தானாகப் பறந்து அவர் கழுத்தில் விழ வேண்டும். குகையண்ணே ஜன்னலில் தலையை வைத்துத் தைரியம் சொல்வதாக ஏற்பாடு.

மேடையில் ஏறினேன். அம்மா முன்வரிசையில், தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டு, இருப்பதிலேயே நல்ல சேலையில் உட்கார்ந்திருந்தார். அத்தனை பேரையும் பார்த்ததும் காது எரிந்தது. சூட்டுக்குக் குறைவில்லை. ஆனால் வெட்கத்தில் மாலையைப் பார்க்க முடியாமல் கண்ணைத் திருப்பினேன். பார்வை வாசலில் போய் நின்றது. அங்கே எல்லாரும் கழற்றிவிட்ட சிலிப்பரும் சப்பாத்தும் கிடந்தன.

"வா" என்று சொல்லிவிட்டேன்.

அவை வந்தன. ஒன்றோடொன்று வார் கோத்துக்கொண்டு, தலைகளுக்கு மேலே அழகாகப் பறந்து, ஒய்.பி.யின் கழுத்தில் மாலையாக இறங்கின.

 அப்போது ஜன்னலில் சிரிப்பு வெடித்தது. குகையண்ணே சிரித்த சிரிப்பில் மின்விசிறிகள் ஆடின. அதைக் கேட்டு மொத்த மண்டபமும் சிரித்தது. நான் மேடையின் பின்பக்கமாக ஓடினேன். ஓடும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அம்மா மேடையேறி, ஒய்.பி. கழுத்திலிருந்து ஒவ்வொரு சிலிப்பராக எடுத்துக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். எடுக்கும் ஒவ்வொரு தடவையும் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஜன்னலில் சிரிப்பு நின்றிருந்தது.

மறுநாள் நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. பள்ளியும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம். சாயங்காலம் கேட் அருகே நிழல் விழுந்தது. குகையண்ணே நின்றார். எப்போதும் கேட்டைத் தாண்டித் தலையைச் சமையலறைக்குள் விடுகிறவர், அன்றைக்கு வெளியிலேயே நின்றார்.

"வாங்கண்ணே. பசியாறுனீங்களா?" என்றார் அம்மா.

"வேணாம்லா."

அவர் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லி எங்கள் தாமானில் யாரும் கேட்டதில்லை. அம்மா பயந்துபோய்ப் பக்கத்தில் போனார்.

"என்னண்ணே, ஒடம்புக்கு முடியலயா?"

"நேத்து புள்ளயப் பாத்து சிரிச்சிட்டேன்" என்றார். "அப்புறம் நீ எல்லாரு முன்னாலயும் கும்பிட்டுக்கிட்டு நின்னியா. அதுலருந்து சோறு எறங்கல. மூஞ்சி எரியுது. தலையத் தூக்க முடியல. என்னா சீக்கு இது?"

அம்மா குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார். "சீக்கு இல்லண்ணே. இதுதான் வெக்கம்."

குகையண்ணேக்கு ஒரு விக்கல் வந்தது. கூடவே நெருப்பும் வந்தது. கொடியில் காய்ந்த அம்மாவின் தொழிற்சாலைச் சட்டை இருந்த இடம் தெரியவில்லை. அதைப் பார்த்து அவருக்கு இன்னும் வெட்கம். அடுத்த விக்கலில் பூச்சட்டிகள் கருகின. அம்மா ரப்பர்க் குழாயை எடுத்துத் தண்ணீரை அடித்தபடி, "போதும்ண்ணே, மன்னிச்சாச்சு, மன்னிச்சாச்சு. கூரையாவது இருக்கட்டும்" என்று கெஞ்சினார்.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். நனைந்து, புகைந்து, அவ்வளவு பெரிய உடம்பை எங்கே மறைப்பதென்று தெரியாமல் நின்றார். அந்த நிற்றல் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. சிரிப்பை நிறுத்திவிட்டு வெளியே போய் அவர் காதைத் தொட்டேன். கொதித்தது.

"மொதல்ல இப்பிடித்தான் இருக்கும்ண்ணே. ரெண்டு நாள்ல கொறைஞ்சிரும்" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமா. நான் பாக்காத வெக்கமா."

அதன்பிறகு அவர் கல்யாணங்களுக்கு அழைக்காமல் போகவில்லை. வெட்கத்தில் வெளியே நின்று விக்கிவிடுவாரோ என்று பயந்து, ஆட்கள் வேறு வழியில்லாமல் அழைக்க ஆரம்பித்தார்கள்.

ஆண்டுக் கடைசி மழையில் எங்கள் வீட்டில் எதுவும் காயாது. ஒரு நாள் காலையில், முதல்நாள் ஈரமாக விட்டிருந்த என் பள்ளிச் சீருடை வாசலில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மடிப்பு கோணல். துணி வெதுவெதுப்பாக இருந்தது.

வகுப்பில் பக்கத்தில் இருந்தவள் முகத்தைச் சுளித்து, "என்னடி, ஒங்கிட்ட இப்பிடிப் பொகை நாத்தம் அடிக்குது?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"எங்கண்ணே காய வச்சது" என்றேன். காது சுடவே இல்லை.