மைக் அணைத்த வாதம்

சக்கரத்துக்கு அடுத்தபடியாக மனித குலம் கண்ட மகத்தான சாதனை, எங்கள் பள்ளியின் ‘இணையவழி இயற்பியல் வாதத்திறன் மேம்பாட்டுத் திட்டம்’. அதன் ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் இதை அடக்கத்தோடுதான் சொல்கிறேன்.

வாதம் நடக்கும்போது மாணவர்கள் அனைவரும் மைக்கை அணைத்துவிட வேண்டும். முகம் திரையை விட்டு நகரக் கூடாது. கருத்தைத் தட்டச்சு செய்தால் மென்பொருளே மதிப்பெண் போட்டுவிடும். ‘ஆகவே’ என்ற சொல்லுக்குத் தனி மதிப்பு. ‘சான்றுகளின் அடிப்படையில்’ என்று எழுதிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அன்றைய தலைப்பு: பெரிய கல்லையும் சின்னக் கல்லையும் ஒரே உயரத்திலிருந்து ஒன்றாகப் போட்டால், தரையை முதலில் தொடுவது எது?

“சான்றுகளின் அடிப்படையில் பெரியது. ஆகவே பெரியது” என்று எழுதினான் வகுப்புத் தலைவன். முழு மதிப்பெண்.

‘குறுக்குக்கேள்வி’ என்று நாங்கள் அன்போடு அழைக்கும் மாணவி மட்டும் பாதியில் எழுந்து போனாள். திரும்பி வந்து, “போட்டுப் பாத்தேன், ரெண்டும் ஒண்ணாத்தான் விழுது” என்று எழுதினாள். அதற்குள் மென்பொருள் அவளுக்கு ‘வரவில்லை’ போட்டிருந்தது. பூஜ்யம். பூஜ்யம் வாங்கியவர்களுக்கு அடுத்த ஆண்டு அறிவியல் பிரிவு கிடையாது.

அம்மாவோடு மேல்முறையீட்டுக்கு வந்தாள். தலைமையாசிரியர், மென்பொருள் நிறுவனத்தார் ஒருவர், நான் ஆகிய மூவரும்தான் குழு.

“எங்கேம்மா எழுந்து போனே?” என்றார் தலைமையாசிரியர், பரிவோடு.

“சோதனை பண்ணத்தான் சார்.”

“ஃபிசிக்ஸ் கிளாஸ் நடக்கறப்பவா?”

“உக்காந்தே தூங்குன பசங்களுக்கு என்ன போட்டீங்க?” என்றார் அம்மா.

“அவங்களுக்கு வருகை நூறு சதவீதம் மேடம்” என்றார் நிறுவனத்தார்.

மாணவி என் பக்கம் திரும்பினாள். “சார், நீங்க ஃபிசிக்ஸ்தானே படிச்சீங்க?”

“இப்ப நான் ஒருங்கிணைப்பாளர்ம்மா” என்றேன்.

அவள் மேசையிலிருந்த பேப்பர்வெயிட்டையும் ரப்பரையும் எடுத்து, கையை உயர்த்தி, இரண்டையும் விட்டாள். சேர்ந்தே விழுந்தன.

“பாத்தீங்களா சார்?”

“நான் ஃபைலைப் பாத்துட்டு இருந்தேன்” என்றார் தலைமையாசிரியர்.

குனிந்து பொறுக்கி மறுபடி போட்டாள். மறுபடியும் சேர்ந்தே விழுந்தன. நிறுவனத்தாருக்கு அந்த நேரம் பார்த்து போன் வந்தது. மூன்றாம் முறை அவள் கையை உயர்த்தியபோது, வேறு வழியின்றி நாங்கள் மூவரும் கண்ணை மூடிக்கொண்டோம்.

“கண்ணைத் திறங்க சார்” என்றார் அம்மா.

“தீர்ப்பு எழுதறப்ப திறக்கறோம் மேடம்” என்றார் தலைமையாசிரியர்.

திறந்தோம், எழுதினோம். தீர்ப்பு ஒருமனதானது: அறிவியல் பிரிவில் இடமில்லை. காரணத்தையும் முறைப்படி பதிவு செய்திருக்கிறோம்: ‘ஆதாரத்தைக் காட்டி வாதத்துக்கு இடையூறு விளைவித்தது.’